சோல் மாற்றினால் போதுமா, புதுச் செருப்பு வாங்க வேண்டுமா?
கம்ப்யூட்டர் வைத்திருப்போர் படும் பாடு

திருப்பத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் மனு, எல்லாம் அங்கே உண்டு. கடைக்காரர் ஒரு பெண்மணி. கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். கடையின் முதல் இரண்டே கம்ப்யூட்டர்கள்தான். ஒன்று 2014-ல் வாங்கியது. மற்றொன்று 2020-ல் வாங்கியது.

ஒரு நாள் இரண்டு திரைகளிலும் ஓர் அறிவிப்பு வந்தது. "விண்டோஸ் 10-க்கு இனி ஆதரவு இல்லை" என்றது அது.

"என்ன சார் இது? காசு கொடுத்து வாங்கிய பெட்டி நன்றாகத்தானே ஓடுகிறது? திடீரென்று செல்லாது என்றால் நான் எங்கே போவேன்?" என்று கேட்டார் அவர்.

நியாயமான கேள்விதான்.

செல்லாது என்று அர்த்தமா?

இல்லை. 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசமாகப் பழுது பார்ப்பதை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. பெட்டி அதற்குப் பிறகும் ஓடும். ஆனால் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது.

அந்த ஓட்டை வழியே திருடன் வருவானா? வருவான். 2017-ம் ஆண்டு மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் புகுந்தது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே திணறின. வேடிக்கை என்னவென்றால், அதற்கு மருந்து மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அகப்பட்டுக் கொண்டார்கள்.

விலை என்ன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்களிடம் இருப்பது அசல் விண்டோஸ் 10-ஆக இருந்து, பெட்டிக்கும் தகுதி இருந்தால், விண்டோஸ் 11-க்கு மாறக் காலணா செலவில்லை.

முன்பு இப்படி இல்லை. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது, பழையதிலிருந்து மாறுவதற்கே அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். ஆப்பிள் கம்பெனியும் ஒரு காலத்தில் 129 டாலர் வாங்கியது. 2009-ல் 29 டாலராகக் குறைத்தது. 2013-ல் இலவசமாகவே கொடுத்துவிட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாப்டும் முதல் ஓராண்டு இலவசமாக மாற்றிக்கொள்ள விட்டது.

அப்படியானால் இப்போது செலவு எங்கே? பெட்டியில்தான்! விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு, ஓரளவு புதிய பிராசசர் ஆகியவை தேவை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறைக்குக் குறையக்கூடாது. 2014-ம் ஆண்டுப் பெட்டி இதில் தேறாது.

மாற முடியாத பெரிய கம்பெனிகளுக்கு ஒரு வழி வைத்தார்கள். கட்டணம் செலுத்தினால் பழுது பார்ப்பு தொடரும். கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர். இரண்டாம் ஆண்டு 122. மூன்றாம் ஆண்டு 244. வட்டிக் கடையைப் போல ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு!

அழிந்துபோன ஆறு வருஷம்

நம் கடைக்காரப் பெண்மணிக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு மெக்கானிக் ஒருவர் சொற்பத் தொகைக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். அது திருட்டு நகல். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கேட்காமல் பழையதைத் துடைத்துவிட்டுப் போட்டதில் ஆறு வருஷக் கடிதங்கள், பத்திரிகை மாதிரிகள், வாடிக்கைக்காரர்களின் கணக்கு, எல்லாம் காற்றோடு போயின. தப்பிய சில தமிழ்க் கடிதங்களும், பழைய எழுத்துரு இல்லாததால், புரியாத கிறுக்கலாகத் தெரிந்தன.

"அன்றைக்குச் சாப்பிடக்கூட மனசில்லை சார்" என்றார்.

ஆகவே வாசகர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. விண்டோஸ் போடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இருப்பதன் மேலேயே மாற்றுவது. இதில் கோப்புகள் பொதுவாக அப்படியே இருக்கும். மற்றொன்று, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. இதில் எல்லாம் போய்விடும். எந்த வகை என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே கேளுங்கள். எதுவானாலும், கோப்புகளையும் எழுத்துருக்களையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்த பிறகே பெட்டியைத் தொட விடுங்கள்.

தூங்கிய சில்லு

2020-ல் வாங்கிய பெட்டியைப் பார்த்த ஒருவர், "இதுவும் ஆகாது அக்கா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லியிருந்தார். கடை முதலே முழுகிவிடும் போலிருந்தது.

கல்லூரியில் படிக்கும் அவருடைய தம்பி மகன் லீவுக்கு வந்தான். மைக்ரோசாப்டே இலவசமாகத் தரும் சோதனைச் செயலியை ஓட்டிப் பார்த்தான். டி.பி.எம். சில்லு இல்லை என்றுதான் அதுவும் சொன்னது. பையன் விடவில்லை. பெட்டியைத் தொடக்கும்போதே பயாஸ் பகுதிக்குள் போய்ப் பார்த்தான். சில்லு உள்ளேதான் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது! முடுக்கிவிட்டான். பெட்டி தேறிவிட்டது. நகல் எடுத்து, செட்டிங்ஸ் வழியாகவே மாற்றினான். ஒரு பகல் பிடித்தது. செலவு, கரண்டும் இன்டர்நெட்டும்தான்.

பழைய பெட்டிக்கு?

அதற்கும் வழி இருக்கிறது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ்தான் அது. விலை கிடையாது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுக்குத் துணையாக இருந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்சுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு யோசனை கூறியது.

ஒரே தொல்லை, விண்டோசுக்கென்றே எழுதிய கணக்குச் செயலிகள் அதில் நேராக ஓடா. பிரிண்டர் ஒத்துவருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிச் சோதிக்கலாம் என்பதால் நஷ்டமில்லை.

பெண்மணி அப்படித்தான் செய்தார். பிரிண்டர் ஓடியது. 2014-ம் ஆண்டுப் பெட்டி இன்று லினக்சில் மனுக்கள் அச்சடிக்கிறது. கணக்கு வேலை புதிய பெட்டியில் நடக்கிறது.

விடைபெறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊர்க்காரங்களுக்குச் செருப்பைப் பார்த்தாலே தெரியும் சார், சோல் போட்டால் போதுமா, புதுசு வாங்கணுமான்னு. கம்ப்யூட்டரையும் அப்படிப் புரட்டிப் பார்த்துட்டுத்தான் இனிமே காசை எடுப்பேன்."