காசைப் படிக்க ஒரு பழைய புத்தகம்

ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர் பாடத்தை நடத்தி முடித்த மறுநாள், ஒரு மாணவன் தன் அப்பத்தாவின் சுருக்குப்பையில் கிடந்ததாகச் சொல்லி ஒரு செப்புக்காசைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்துகள். ராஜராஜன் காசு இப்படித்தான் இருக்கும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. "டேய், இது ராஜராஜ சோழன் காசுடா!" என்று சொல்லிவிட்டேன். அவன் அதைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தான். பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படி ராஜராஜன் பெயரோடு தொங்கியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சிக்காகச் சென்னை சென்றிருந்தேன். மாலையில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில், அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. ஹெச். டபிள்யூ. காட்ரிங்டன் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய நூலின் மறுபதிப்பு. மூலநூல் 1924இல் கொழும்பு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. பேரம் பேசி 250 ரூபாய்க்கு வாங்கினேன். ஊருக்கு வந்து படப்பக்கங்களைப் புரட்டியபோதுதான் திடுக்கிட்டேன். அதே நிற்கும் உருவம், அதே அமர்ந்த உருவம். எழுத்துகள் மட்டும் வேறு. சோழர் காசின் அமைப்பையே இலங்கை மன்னர்களும் பின்பற்றிக் காசு அடித்திருக்கிறார்கள். மாணவனின் பென்சில் படியை அருகில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். அது ராஜராஜன் அல்ல, பராக்கிரமபாகு. ராஜராஜனின் ஆட்சி 985 முதல் 1014 வரை. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆட்சி 1153 முதல் 1186 வரை. நான் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டும் ஒரு கடலும் தவறியிருந்தேன்.

அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்த அந்த மாணவனை அழைத்து, வகுப்பின் முன்னிலையில் தவறைச் சொன்னேன். அவன் முகம் வாடும் என்று நினைத்தேன். "அப்போ இது கடல் தாண்டி வந்த காசா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே பழைய நாணய நூல்களைத் தேடத் தொடங்கினேன். நான் கற்றுக்கொண்டவற்றையும், கைவிட்டுத் தொலைத்த ஒன்றையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எந்த நூல்கள்?

தென்னிந்திய நாணயங்களுக்கு அடிப்படை நூல்கள் சில உண்டு. சர் வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணயங்கள் நூல் 1886இல் வந்தது. தி. தேசிகாச்சாரி எழுதியது 1933இல் வந்தது. இரா. நாகசாமியின் தமிழ் நாணயங்கள் பற்றிய ஆய்வு 1981இல் மாநிலத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. சங்ககால நாணயங்களுக்கு இரா. கிருஷ்ணமூர்த்தியின் நூல்கள் இன்றியமையாதவை.

இவற்றை வெளிவந்த வரிசையில் அறிந்துகொள்வது நல்லது. 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசு 1980களில்தான் படித்தறியப்பட்டது. ஆகவே எலியட்டிலோ தேசிகாச்சாரியிலோ அதைத் தேடிப் பயனில்லை. பழைய நூலில் இல்லை என்பதால் அப்படி ஒரு காசே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அதேபோல், பழைய பட்டியல்களில் அச்சிட்ட விலைகள் இன்று செல்லாது. எடை, உருவம், எழுத்து ஆகியவை செல்லும்.

எங்கே தேடுவது?

நடைபாதைக் கடைகளில் 'நாணயம்' என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். வரலாறு, கோயில், ஆங்கிலப் பழைய புத்தகம் என்று கட்டிவைத்த அடுக்குகளை நாமே பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வீட்டு நூல்கள் எடைக்குப் போகும் இடங்கள் இன்னொரு வாய்ப்பு. எடைக்கடைக்காரரிடம், "படம் போட்ட காசுப் புத்தகம் வந்தால் எடுத்துவையுங்கள் அண்ணே" என்று சொல்லிவைத்தால் போதும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அங்குள்ள வெளியீட்டு விற்பனைப் பிரிவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எலியட்டின் நூலை இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் இணையப் படிகளில் படப்பக்கங்கள் சில வேளை மங்கலாக இருக்கும். எழுத்தை ஒப்பிட அச்சு நூலே கைகொடுக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் படப்பக்கங்களை எண்ணுங்கள். பல நூல்களில் அவை கடைசியில் தனியாகக் கட்டப்பட்டிருக்கும். முன்பக்கப் பட்டியலில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாணய நூலில் படம் போனால் பாதி நூல் போயிற்று. மறுபதிப்பு என்றால் படங்களில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, கறுத்துக் கிடக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பழைய நூல்கள் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்லும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். 60 கிரெய்ன் என்றால் ஏறத்தாழ 3.9 கிராம். இதை நூலின் உள்ளே ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்தால் மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சியும் ஆகும்.

ஓரத்தில் பென்சில் குறிப்புகள் உள்ள பிரதி கிடைத்தால், அழுக்கு என்று ஒதுக்காதீர்கள். நான் தொலைத்தது அத்தகைய ஒன்றைத்தான்.

அரைப் பெயர்

என் காட்ரிங்டன் நூலில், பராக்கிரமபாகு காசின் விளக்கத்துக்கு அருகே முந்தைய உரிமையாளர் பென்சிலால் ஓர் எடையையும் ஓர் ஊரின் பெயரையும் எழுதியிருந்தார். தமிழில்தான் எழுதியிருந்தார். இதே வகைக் காசு அந்த ஊரில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, அட்டை இல்லாத நூலை பைண்டிங் செய்யக் கொடுத்தேன். அழகாகக் கட்டி, மூன்று பக்கமும் வெட்டுஇயந்திரத்தில் சீராக வெட்டித் தந்தார்கள். ஓரக் குறிப்பும் வெட்டுப்பட்டது. எடை முழுதாகப் போயிற்று. ஊர்ப்பெயரில் 'குடி' மட்டும் மிஞ்சியது.

எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் 'குடி' என்று முடியும் ஊர்கள் எத்தனை! பெயரைப் படித்தது நினைவிருக்கிறது. பெயர் நினைவில் இல்லை. பைண்டர் மீது குற்றமில்லை. ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அச்சிட்ட நூல் இன்னொரு பிரதி கிடைக்கும். அந்தக் குறிப்பு இன்னொரு பிரதியில் கிடைக்காது.

எனவே பழைய நூல் கைக்கு வந்ததும் முதல் வேலை, ஓரக் குறிப்புகள் உள்ள பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, பக்க எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவைப்பது. பிறகுதான் மற்றவை.

பாதுகாக்கும் முறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ்த் தாள் பரவலாயிற்று. அதில் உள்ள அமிலத்தன்மை காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கவைக்கும். வெயிலும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். ஆகவே நூலைச் சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். செய்தித்தாளால் அட்டை போடாதீர்கள். அதுவும் அதே வகைத் தாள்தான். நல்ல வெள்ளைத் தாள் போதும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும். அதன் பசை பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். மெல்லிய தாள் கீற்றை, ஸ்டார்ச் பசையை நீர்க்கத் தொட்டு ஒட்டலாம். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாக நீக்கிவிடுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். வசம்பைத் துணியில் முடிந்து தட்டுகளில் வைப்பது ஏட்டுச்சுவடிக் காலத்து வழக்கம், இன்றும் பின்பற்றலாம். அதைவிட முக்கியமானது, மாதம் ஒரு முறை நூலை எடுத்துப் புரட்டுவது. திறக்காத பீரோவில்தான் பூச்சி குடியேறும்.

மழையில் நனைந்துவிட்டால் வழவழப்பான படப்பக்கங்களுக்கே முதல் கவனம். அவை நனைந்து அப்படியே காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் வெற்றுத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட வேண்டாம்.

வகுப்பறையில்

எங்கள் பள்ளி நூலகத்தில் இப்போது நாணய நூல்களுக்கு ஒரு தட்டு இருக்கிறது. மொத்தம் ஐந்து நூல்கள். மாணவர்கள் காசு கொண்டுவந்தால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. பென்சில் படி எடுக்கச் சொல்கிறேன். எடை, கிடைத்த இடம், கொண்டுவந்த நாள் ஆகியவற்றை நோட்டில் எழுதச் சொல்கிறேன். பிறகு நூலில் தேடவிடுகிறேன். காசை மாணவரிடமே திருப்பித் தந்துவிடுகிறேன். மண்ணில் கிடைத்த காசு என்றால், 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தைச் சொல்லித் தருகிறேன். புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் பராக்கிரமபாகு காசின் படி ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே 'ராஜராஜன்' என்று எழுதி அடித்திருப்பதை அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் 'குடி' என்று முடியும் ஊர்களின் பட்டியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஊர்களிலிருந்து வரும் மாணவர்களிடம், வீட்டில் பழைய காசு உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.