தியானமும் அச்சமும்: விசுத்திமக்கத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

தியானத்தில் அச்சம் எழுந்தால் பயிற்சி பிழைத்துவிட்டது என்று கருதுவோர் பலர். 5 ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரை மரபைச் சார்ந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம் இதற்கு நேர்மாறானது. அது அச்சத் தோற்றத்தை ஞானப் படிகளுள் ஒன்றாக வைக்கிறது. ஒளி, பேருவகை, அமைதி முதலிய பத்தையே மாசுகள் என்கிறது. இவற்றைச் சுவைத்தவன் வழி முடிந்ததென எண்ணித் தங்கிவிடுவான் என்பதே காரணம். மன அமைதியை விலைகூறி விற்போர் இப்பகுதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

இவ்வச்சம் நடுக்கமன்று. நகர வாயிலில் மூன்று தீக்குழிகளைக் காண்பவன், விழுவோர் துன்புறுவர் என அறிகிறான், தான் அஞ்சுவதில்லை. இது நூல் தரும் உவமை. நடுக்கத்துக்கோ மச்சிம நிகாயத்தின் பயபேரவ சுத்தம் வழி கூறும்: ஞானம் பெறுமுன் உலாவுகையில் அச்சம் வந்தபோது, உலாவியவாறே அதனை அடக்கும்வரை புத்தர் நிற்கவுமில்லை, அமரவுமில்லை.

1950களில் பர்மிய மகாசி முறை இலங்கைக்கு வந்தது. வெள்ளவத்தைக்கு அயலிலுள்ள பம்பலப்பிட்டி வஜிராராமத் துறவிகள் சிலர் அதனை நூல்வழிப்பட்டதன்று என மறுத்தனர். வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்தல் முறையா, பிழையா என்பது வழக்கு.

நாம் எழுப்பும் வினா வேறு. 1983 ஜூலையில் வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகள் எரிந்தபோது பிறந்த அச்சம் மனத்தின் மாசன்று. தீ வெளியே இருந்தது. அவ்வச்சத்தைத் தாங்க உலாவும் பயிற்சி ஒருவருக்கு உதவலாம். ஆயின் தீக்குழி உவமையில் குழி வெட்டியோர் இடம்பெறவில்லை. வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி வீடு தேடி வந்தோரை விளங்கிக்கொள்ள அரசின் வரலாற்றையே நாம் படிக்கவேண்டியுள்ளது.