ஒரு சதவிகிதம்தான்! எத்தனை நாளைக்கு?



ஒருவர் உங்களிடம் வந்து, "என் மிதிவண்டியின் வேகம் 2. உன் மிதிவண்டியின் வேகம் 7. ஆகவே உன் வண்டிதான் வேகமானது" என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? "அலகு என்ன?" என்றுதானே முதலில் கேட்பீர்கள்? அவருடையது விநாடிக்கு 2 மீட்டர். உங்களுடையது மணிக்கு 7 கிலோமீட்டர். விநாடிக்கு 2 மீட்டர் என்பது மணிக்கு 7.2 கிலோமீட்டர் ஆகும். சிறிய எண்ணைச் சொன்னவரே வேகமாகப் போகிறார்!

அலகு இல்லாத எண் அளவு ஆகாது. இயற்பியல் வகுப்பில் முதல் நாளே நாம் கற்கும் பாடம் இது. ஆனால் பெரியவர்கள்கூட மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கடன். இதை எனக்கு நினைவூட்டியவன் எங்கள் தெருச் சிறுவன் ஒருவன்.

"நான்தானுங்க சார் காட்டுனேன்"

நான் இருப்பது திருப்பூர் மாவட்டத்துக் கணியூரில். பக்கத்து வீட்டில் ஓர் அம்மா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சனிக்கிழமைதோறும் சம்பளம். மகன் ஆறாம் வகுப்பு. ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரம். புத்தகப் பை, சீருடை, கட்டணம் என்று 5,000 ரூபாய் வேண்டியிருந்தது. இதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டது பையன் காதில் விழுந்திருக்கிறது.

மாலையில் அவன் அம்மாவின் கைப்பேசியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவே ஒரு விளம்பரம். துள்ளும் இசை, சிரிக்கும் முகங்கள், மழைபோல் கொட்டும் ரூபாய் நோட்டுகள். "ஐந்தே நிமிடத்தில் 5,000 ரூபாய்! வட்டி ஒரு சதவிகிதம்தான்!" பையன் ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினான். அம்மா பொத்தானை அழுத்தினார்.

கைக்கு வந்தது 3,500 ரூபாய். "செயல்முறைக் கட்டணம்" என்று 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் முழுதாக 5,000 ரூபாய் கட்ட வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்தில் அது முடியுமா? கட்டுவதற்கு இன்னொரு செயலி, அதைக் கட்ட வேறொரு செயலி. மூன்றாம் வாரம் பாக்கி 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்புப் போயிற்று. அவருடைய அண்ணனுக்கு, கம்பெனி மேற்பார்வையாளருக்கு, என் வீட்டுக்கும்கூட.

அண்ணன் உதவியால் கடன் அடைந்தது. இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகாரும் கொடுத்தோம். ஆனால் பையன் பல நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "நான்தானுங்க சார் காட்டுனேன்."

தவறு அவனுடையதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

அலகைத் தேடுங்கள்

நம் ஊர்களில் வட்டியை எப்படிச் சொல்கிறோம்? "இரண்டு ரூபாய் வட்டி" என்கிறோம். அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். வங்கியில் "12 சதவிகிதம்" என்கிறார்கள். அது நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 ரூபாய். காதால் கேட்கும்போது 2 சிறியது, 12 பெரியது. ஒரே அலகுக்குக் கொண்டுவந்தாலோ இரண்டு ரூபாய் வட்டி ஆண்டுக்கு 24 சதவிகிதம். வங்கியைப் போல் இரு மடங்கு!

விளம்பரம் சொன்ன "ஒரு சதவிகிதம்" நாள் ஒன்றுக்கு. அது பெரிய எழுத்தில் இல்லை. தனி வட்டியாகக் கணக்கிட்டாலே ஆண்டுக்கு 365 சதவிகிதம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 100 ரூபாய் ஓராண்டில் 3,778 ரூபாய் ஆகிவிடும்.

சரி, பிடித்துக்கொண்ட கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். கையில் வந்தது 3,500. ஒரு வாரத்தில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 1,500. அதாவது வாரத்துக்கு 42.86 சதவிகிதம். ஆண்டுக்கு 52 வாரம்; பெருக்கினால் 2,229 சதவிகிதம். "ஒரு சதவிகிதம்தான்" என்பதன் உண்மை உருவம் இது.

இது கைப்பேசி வந்த பிறகு தோன்றிய தந்திரம் அன்று. நாள் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 15 சதவிகிதம்போல் தோன்றும். ஆனால் 8,500 ரூபாயும் 100 நாள் உங்களிடம் இருப்பதில்லை. தினமும் கொஞ்சம் திரும்பிப் போகிறது. சராசரியாக உங்கள் கையில் இருந்தது அதில் பாதி, சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 129 சதவிகிதம் வருகிறது. நுணுக்கமாகக் கணக்கிட்டால் 121 சதவிகிதம்.

தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் பெயர்களைக் கவனித்தீர்களா? நாள், மணி என்று கால அலகே பெயராக வந்துவிட்டது!

வளைந்து எழும் கோடு

அந்த அம்மா ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார் அல்லவா? இதே வீதத்தில் பத்து வாரம் அப்படியே போயிருந்தால் என்ன ஆகும்? வாரத்துக்கு 1,500 வீதம் 15,000, அதோடு முதல் 3,500 சேர்த்து 18,500 ரூபாய் என்று உங்கள் மனம் சொல்லும். ஆனால் ஒவ்வொரு வாரமும் கூடுவது 1,500 ரூபாய் அன்று. இருக்கும் தொகையின் 42.86 சதவிகிதம். கணக்கு இப்படிப் போகும்:

தொடக்கத்தில் 3,500 ரூபாய்
2-ஆம் வாரம் 7,143 ரூபாய்
4-ஆம் வாரம் 14,577 ரூபாய்
6-ஆம் வாரம் 29,750 ரூபாய்
8-ஆம் வாரம் 60,713 ரூபாய்
10-ஆம் வாரம் 1,23,905 ரூபாய்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொகை இரு மடங்கைத் தாண்டுகிறது. கதிரியக்கப் பொருள் அரை ஆயுட்காலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதைப் படித்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. இதை அடுக்குக்குறி வளர்ச்சி என்கிறோம். ஓர் எளிய சூத்திரம் சொல்கிறேன். வீதம் சிறியதாக இருந்தால், 70-ஐ அந்த வீதத்தால் வகுங்கள். தொகை இரட்டிக்கும் காலம் கிடைக்கும். நாளுக்கு ஒரு சதவிகிதம் என்றால் 70 நாளில் இரட்டிப்பு.

மனித மனம் இந்த வளைகோட்டைக் காண்பதில் பலவீனமானது. 1975-இல் வாகனார், சகாரியா என்ற இரு ஆய்வாளர்கள் அடுக்குக்குறியாக வளரும் எண்களைச் சிலருக்குக் காட்டி, பின்னால் வரப்போகும் எண்ணை ஊகிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் உண்மைக்கு வெகு கீழே சொன்னார்கள். நேர்கோடாகவே நினைப்பது நம் எல்லோருடைய இயல்பு. கடன் விளம்பரம் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறது.

சிறுவர் கண்ணுக்கு முன்னால்

வளர்ந்தவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் குழந்தைகள் நிலை என்ன? அமெரிக்க உளவியல் கழகம் அமைத்த ஒரு குழு 2004-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளால் விளம்பரத்தின் உள்நோக்கத்தைப் பிரித்தறிய முடிவதில்லை என்று அது கூறியது. அவர்களுக்கு விளம்பரமும் செய்திதான். நம் ஆறாம் வகுப்புப் பையனுக்கு நோக்கம் புரிந்திருக்கலாம். கணக்குப் புரிய வழியில்லை.

பிரிட்டனில் இது பெரிய விவாதமாகவே எழுந்தது. சம்பள நாள்வரை தரும் குறுகிய காலக் கடன்கள் அங்கே பெருகியிருந்தன. 2012-இல் 4 முதல் 15 வயதுவரை உள்ள ஒரு சிறுவன் அல்லது சிறுமி சராசரியாக 70 தடவை இந்த விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக ஆஃப்காம் என்ற ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டது. வோங்கா என்ற நிறுவனம் தாத்தா பாட்டி பொம்மைகளை வைத்து விளம்பரம் செய்தது. அவை சிறுவரைக் கவர்கின்றன என்ற கண்டனம் வந்தபின் 2014-இல் பொம்மைகளைக் கைவிடுவதாக அறிவித்தது. 2015 ஜனவரி முதல் அங்கே இத்தகைய கடனின் விலைக்கு உச்சவரம்பு வந்தது. நாளுக்கு 0.8 சதவிகிதம், மொத்த வட்டியும் கட்டணமும் வாங்கிய தொகையை மீறக் கூடாது. இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்து 2018-இல் வோங்கா வீழ்ந்தது.

நம் நாட்டில்? 18 வயது நிரம்பாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. சிறுவர் கடன் வாங்க முடியாது. பிறகு அவர்கள் பார்க்கும் கார்ட்டூன் நடுவே கடன் விளம்பரம் எதற்கு? பிள்ளை வாங்காவிட்டாலும் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோவான் அல்லவா?

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரம் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் நம் பையன் பார்த்தது அம்மாவின் கைப்பேசி. பார்ப்பவர் 35 வயதுப் பெண்மணி என்றுதான் அந்தக் கருவி நினைத்திருக்கும். ஒரே கைப்பேசியை வீடே பகிர்ந்துகொள்ளும் ஊர்களில் இந்த வேலியில் பெரிய ஓட்டை இருக்கிறது.

வேறு வழி உண்டா? உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை சிறுவர் நிகழ்ச்சிகளின் நடுவே விளம்பரப்படுத்தக் கூடாது. இது பார்ப்பவர் யார் என்று கேட்பதில்லை. நிகழ்ச்சி யாருக்கானது என்று கேட்கிறது. சிப்ஸுக்கு இருக்கும் இந்த வேலி, வாரத்துக்கு 42 சதவிகிதம் கறக்கும் கடனுக்கும் வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. கார்ட்டூனிலும் சிறுவர் விளையாட்டுகளிலும் கடன் விளம்பரம் வரக் கூடாது.

மறுப்பும் விடையும்

"கடன் இல்லாமல் ஏழைக் குடும்பம் எப்படிப் பிழைக்கும்? விளம்பரத்தை மறைத்தால் ஆபத்துக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் போகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக் கட்டணம் காத்திருக்காது, காய்ச்சலும் காத்திருக்காது. பெரியவர்களுக்கு விளம்பரம் போகட்டும், ஆனால் அலகோடு போகட்டும். ரிசர்வ் வங்கி 2022-இல் டிஜிட்டல் கடன்களுக்கு ஒரு விதி செய்தது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வீதம் எவ்வளவு என்பதைக் கடன் வாங்குமுன் ஒரு தாளில் காட்ட வேண்டும் என்பது அது. விளம்பரத்திலும் அதே எண்ணை அதே பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

"இன்னும் மூன்று ஆண்டில் 18 வயது ஆகப்போகும் எங்களிடம் மறைத்து என்ன பயன்?" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை. வேலி சின்னக் குழந்தைகளுக்கு. உங்களுக்கு வேண்டியது கணக்கு. வீட்டில் யாராவது கடன் விளம்பரத்தைக் காட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கையில் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்ப வேண்டும்? ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம்? அந்தச் செயலி 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021-இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் குழு கண்ட சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்பதை மறக்க வேண்டாம்.

அந்தச் சிறுவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தப்பு உன்னுதில்லடா தம்பி. அலகை மறைச்சவங்க தப்பு." பிறகு இருவரும் உட்கார்ந்து பத்து வாரக் கணக்கைப் போட்டோம். கடைசி எண்ணைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தான். தாளை எடுத்துக்கொண்டு ஓடினான், அம்மாவிடம் காட்ட.

நீங்களே செய்து பாருங்கள்

1. "மூன்று ரூபாய் வட்டி" என்பது தனி வட்டியில் ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம்?
2. நாளுக்கு 0.8 சதவிகிதம் என்பது தனி வட்டியில் ஆண்டுக்கு எவ்வளவு?
3. வாரத்துக்கு 5 சதவிகிதக் கூட்டு வட்டியில் கடன் எத்தனை வாரத்தில் இரட்டிக்கும்?
4. ஒரு வாரம் சுவரிலும், பேருந்திலும், கைப்பேசியிலும் காணும் கடன் விளம்பரங்களைக் குறித்து வையுங்கள். எத்தனை விளம்பரங்களில் வட்டியின் கால அலகு தெளிவாக இருக்கிறது?

விடைகள்: 1) 36 சதவிகிதம். 2) 292 சதவிகிதம். 3) சுமார் 14 வாரம். 4) விடை உங்கள் ஊரில் இருக்கிறது!