ஆங்கிலத் துணைவினைகளும் 'டு' என்னும் முன்னிடைச்சொல்லும்

ஆற்றல், இசைவு, கடப்பாடு முதலியவற்றை உணர்த்தும் 'கேன்', 'மே', 'மஸ்ட்' முதலியன ஆங்கிலத் துணைவினைகளாம். நம் செயவெனெச்சத்தை ஒத்த வினைவடிவம் இவற்றையடுத்து வருங்கால் 'டு' பெறுவதில்லை. 'ஐ மஸ்ட் கோ' என்பதே வழக்கு; 'ஐ மஸ்ட் டு கோ' என்பது வழு. ஈண்டு 'டு' தொக்கு நின்றது என்பாருமுளர். அது பொருந்தாது என்பது எம் கருத்து.

1100-க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் அவ்வெச்சம் 'அன்' என்னும் ஈற்றால் அமைந்தது. 'நோக்கி' எனப் பொருள்படும் 'டு', நான்காம் வேற்றுமை ஏற்ற வினைப்பெயரோடு கூடிச் 'செய்தற்கு' என்பதுபோல் நின்றது. துணைவினைகள் முன்னையதையே அவாவின. ஈறுகள் தேய்ந்தபின் பிற வினைகள் பலவற்றையடுத்து 'டு' பரவிற்று. துணைவினைகள் தொன்மையைப் போற்றின. ஆகவே இது தொகையன்று, இயல்பே. 'ஆட்' என்பது உடைமைப் பொருள் குறித்த வினையின் இறந்தகால வடிவினின்று தோன்றியது. அது 'ஆட் டு கோ' என 'டு' ஏற்கும்.

சேக்சுபியர் (1564–1616) காலத்தில் 'ஐ மஸ்ட் டு லண்டன்' என்றாற்போலச் செலவுவினையின்றித் திசைகுறித்த தொடரே துணைவினையை முடித்தலும் உண்டு. செருமானியத்தில் இம்முறை இன்றும் வழங்குகின்றது. இக்கால ஆங்கிலம் 'ஐ மஸ்ட் கோ டு லண்டன்' என வினையை வேண்டும். ஆண்டு 'டு' ஊர்ப்பெயர்க்கு உரியது, வினைக்கு உரியதன்று.

'செல்ல' என்பதனை 'டு கோ' என்றே மனங்கொண்ட நம் மாணவர் 'மஸ்ட் டு கோ' என எழுதுவர். நாமும் 'செல்ல வேண்டும்' என்பதன்றிச் 'செல்லுதற்கு வேண்டும்' என்னாமையை அவர்க்குக் காட்டின், அவ்வழு எளிதின் நீங்கும்.