கிதாருக்குள் ஒரு வீணை

எங்கள் நஞ்சன்கூட்டு வீட்டுக் கூடத்தில், சுவரோரமாக ஒரு தஞ்சாவூர் வீணை இருக்கிறது. 1988இல் இங்குள்ள தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்தபோது, என் தந்தையார் அதைப் பழைய நூல் புடவையில் சுற்றி, ரயிலில் இரவு முழுவதும் விழித்திருந்து காவல் காத்துக் கொண்டுவந்தார். வழியில் எங்கள் பித்தளைக் குடம் ஒன்று நசுங்கியது. வீணைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவர் கச்சேரி வித்வான் அல்லர். தபால் இலாகாவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் மணி ஒலிக்கும் அதிகாலை நேரத்தில் அரை மணி வாசிப்பார். பிறகு கபிலா நதிக்கரைக்கு ஒரு நடை. திரும்பும்போது ரசபாளெ வாழைப்பழம் கிடைத்தால் வாங்கிவருவார். அதுதான் அவருடைய ஓய்வுக்கால வாழ்க்கை.

ஊர்விட்டு வந்த எல்லாத் தமிழ்ப் பெற்றோரையும் போல எனக்கும் ஒரு பயம் இருந்தது. பையன் தெருவில் கன்னடம் பேசினான், பள்ளியில் ஆங்கிலம் பேசினான், வீட்டில் பாதித் தமிழ் பேசினான். மீதியும் போய்விடுமோ என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்த நேரத்தில், 1994இல், பதினாறு வயதில் அவன் ஒரு பழைய கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மைசூரில் யாரோ ஒரு மாணவரிடம் சேமிப்புப் பணத்தைக் கொடுத்து வாங்கியிருந்தான்.

"வீட்ல வீணை இருக்கறப்போ வெள்ளைக்காரன் வாத்தியம் எதுக்குடா? நம்ம சங்கீதம் என்ன கெட்டுப் போச்சு?" என்று சத்தம் போட்டேன்.

அவன் நிதானமாகக் கேட்டான்: "அப்பா, உங்களுக்கு வீணை வாசிக்கத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஒரு ராகத்தைக் கேட்டு இன்னதென்று சொல்லக்கூடத் தெரியாது. அந்தக் கோபத்தில் மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குக்கூட நடுவில் அவன் அம்மா தூது போக வேண்டியிருந்தது.

அப்படி ஒரு மாலை மின்சாரம் போயிற்று. தொலைக்காட்சி அணைந்தது. பையன் டேப் ரிக்கார்டரில் பேட்டரி போட்டு, நண்பனிடம் பதிவு செய்து வாங்கிய ஒரு கேசட்டை வைத்தான். கிதாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. அப்பா சாய்வு நாற்காலியில் படுத்தபடி, "எதுக்கு இத்தனை அவசரம்? ரயிலைப் பிடிக்கணுமா?" என்றார். நான் இருட்டில் சிரித்துக்கொண்டேன். அடுத்ததாக ஒரு மெதுவான உருப்படி வந்தது. ஐந்து நிமிடம்கூட இராது. அது முடிந்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அதைத் திரும்பப் போடு. யாருடா இவன்? வீணை வாசிச்சவனா? கம்பியை இழுக்கறான் பாரு."

அந்த இசைத்தட்டின் பெயர் 'சக்தி'. வாசித்தவர் ஜான் மெக்லாஃப்லின். 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற குழுவை அமைத்து, மின் கிதாரில் காது செவிடுபடும் வேகத்தில் ராக் இசையையும் ஜாஸ் இசையையும் கலந்து உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புகழின் உச்சியில் அவர் செய்த காரியம் விசித்திரமானது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். என் தந்தையார் இருட்டில் காதால் கண்டுபிடித்ததை, பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் அச்சில் படித்தேன்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவே இந்த இசைத்தட்டு. வெளிவந்தது 1976இல். மின்சார முழக்கத்தை எதிர்பார்த்த ராக் ரசிகர்களுக்கு, ஐந்து பேர் மின் கிதார் இல்லாமல் வாசிக்கும் இசை கிடைத்தது. வயலின் எல். சங்கர். தபலா ஜாகிர் ஹுசேன். கடம் விக்கு விநாயக்ராம். மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது 'ஜாய்', பதினெட்டு நிமிடம். இரண்டாவது அப்பா திரும்பப் போடச் சொன்ன 'லோட்டஸ் ஃபீட்', அதாவது தாமரைப் பாதங்கள். மூன்றாவது ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுவது.

பெயர்களைக் கவனியுங்கள். ஐவரில் மூவர் தமிழர். மூவருமே ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்து அந்த மேடையில் இருந்தவர்கள். சங்கரின் தந்தை லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னை வந்தவர். நம்மைப் போல மூட்டை கட்டியவர்கள்தாம் அவர்களும்.

மறுநாள் காலை அப்பா பையனைக் கூப்பிட்டார். "உன் வாத்தியத்தைக் கொண்டா." கிதாரை மடியில் படுக்க வைத்து, வீணையைப் போலக் கம்பியை இழுத்துப் பார்த்தார். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும். விரல் மரத்தைத் தொடாது. அதனால் ஒரே மெட்டில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, இரண்டு மூன்று ஸ்வரங்களைக்கூடத் தொட்டுவரலாம். கமகம் பிறப்பது அங்கேதான். கிதாரில் விரலுக்கு அடியில் மரம் முட்டுகிறது. "மரம் தடுக்கறதுடா" என்றார் அப்பா.

மெக்லாஃப்லினுக்கும் இதே சிக்கல்தான். சக்தி குழுவில் வாசிப்பதற்காகவே கிப்சன் நிறுவனம் அவருக்கு ஒரு கிதார் செய்து கொடுத்தது. அதில் மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. விரல் மரத்தில் முட்டாமல் கம்பியை இழுக்க முடிந்தது. சிதாரில் உள்ள தரப் கம்பிகளைப் போல, ஏழு துணைக் கம்பிகள் சாய்வாகப் பூட்டப்பட்டுக் கூடவே ஒலித்தன. இந்த இசைத்தட்டைச் சோதனை முயற்சி என்று சொல்வார்கள். நம் ராகத்தை வெட்டிச் சுருக்கிக் கிதாருக்குள் திணிப்பதுதான் சுலபம். அவர் தன் வாத்தியத்தின் மரத்தைக் குடைந்துகொண்டார். சோதனை என்று நான் மதிப்பது அதைத்தான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. எங்கள் கபிலா நதி இங்கிருந்து ஓடித் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அந்த ஊரில் 1895இல் பிறந்தவர் வயலின் மேதை சௌடய்யா. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று, நான்கு தந்தி வயலினை ஏழு தந்தி வயலினாக மாற்றியவர். பெங்களூரில் வயலின் வடிவத்திலேயே கட்டப்பட்ட மண்டபம் அவர் பெயரில் இருக்கிறது. அந்த வயலினே கடல் தாண்டி வந்ததுதானே? பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்கள். அவர்கள் வீட்டில் என்னைப் போல ஒருவர் கதவை மறித்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அன்றுமுதல் காலை அரை மணி, முக்கால் மணியாயிற்று. தாத்தா வீணையில் சரளி வரிசை வாசிக்க, பேரன் கிதாரில் அதைத் தேடிப் பிடிப்பான். தவறினால் தொடையில் ஓர் அடி விழும். பாடத்தோடு பாடமாக ஊர்க்கதையும் உறவுக்கதையும் வந்தன. பாதித் தமிழ் முக்கால் தமிழாயிற்று. நான் எந்த வாத்தியத்தை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றேனோ, அதுதான் என் மகனை என் தந்தையிடம் கொண்டு சேர்த்தது. மூன்று வாரப் பேசாமையை நானே முடித்துக்கொண்டேன். "காபி ஆறுது, வாடா" என்றேன். அவனும் வந்துவிட்டான்.

அப்பா 2001இல் காலமானார். மகன் இப்போது டொராண்டோவில் இருக்கிறான். சக்தி குழு புதிய கலைஞர்களோடு வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றபோது, விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அந்தக் குழுவில் இருந்ததைச் சொல்லி மகிழ்ந்தான். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் ஹுசேன் மறைந்தார். செய்தி கேட்டதும் மகன் தொலைபேசியில் அழைத்தான். இருவரும் அதிகம் பேசவில்லை. அவன் அங்கே 'லோட்டஸ் ஃபீட்' போட்டான். நான் இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும், "தாத்தா எழுந்து உட்கார்ந்தாரே, ஞாபகம் இருக்காப்பா?" என்றான்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த இசையைக் கேளுங்கள். முதலில் 'லோட்டஸ் ஃபீட்' கேளுங்கள். கிதாரில் கம்பி இழுபடும் இடங்களைக் கவனியுங்கள். பிறகு 'ஜாய்' கேளுங்கள்; கையில் தாளம் போட்டுப் பாருங்கள். விட்டுப் போனால் வெட்கப்பட வேண்டாம், எனக்கு இன்றும் விட்டுப் போகிறது. அரை மணி உருப்படியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வேறு எதையாவது கேட்கச் சொன்னால், அதையும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.

மகன் பதினாறு வயதில் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஓய்வு பெற்று, எழுபது வயதும் கடந்தபின், மைசூரில் ஓர் ஆசிரியையிடம் வீணை கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். விரல் நுனி காய்த்துப் போயிருக்கிறது. ஜண்டை வரிசையிலேயே ஆறு மாதமாக நிற்கிறேன். ஞாயிறுதோறும் டொராண்டோவிலிருந்து ஒரு குரல் விசாரிக்கிறது: "எது வரைக்கும் வந்திருக்கீங்கப்பா? வாசிச்சுக் காட்டுங்க."