தகடு வாங்குமுன் கணக்குப் போடுங்கள்

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு சற்று நடந்தால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். ஒயர், ஃபியூஸ், மீட்டர் என்று மின்சாரச் சாமான்களைத் தேடிப் பலரும் போகும் கட்டடம். சென்ற பள்ளி விடுமுறையில் ஜொகூரில் கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த என் அக்காள் மகன், "மாமா, பெரிய சோலார் தகடாக ஒன்று பார்ப்போம்" என்று அங்கே இழுத்தான். மழைக்காலத்தில் அவன் வீட்டில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும். மகளுக்கு அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். பரீட்சை.

சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் அடுக்குமாடிக் கூரைகளில் தகடு போடுகிறார்கள். 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் அளவுக்கு மிதக்கவே விட்டார்கள். அதிலெல்லாம் குடியிருப்பவர் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. தோட்டத்து வீட்டிலோ ஒவ்வொரு சாமானும் கைக்காசு.

ஆகவே அவனைக் கடைக்குள் விடாமல் முதலில் காப்பிக்கடையில் உட்காரவைத்தேன். மூன்று 7 வாட் விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 105 வாட்மணி. 15 வாட் மின்விசிறி 8 மணி நேரத்துக்கு 120. கைப்பேசிகளுக்கு 25. ஆக, இரவுக்கு 250 வாட்மணி.

அடுத்தது பேட்டரி. பணம் கரைவது இங்கேதான். முன்பு ஒரு பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த கார் பேட்டரியை அவன் வாங்கிப்போனான். நாலே மாதத்தில் செத்தது. கார் பேட்டரி எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி வேகம் காட்டுவது. இரவெல்லாம் மெல்ல மெல்ல வடிந்தால் தாங்காது. சோலாருக்கென்றே செய்த ஈய பேட்டரியிலும் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி என்றால் 1,200 வாட்மணி. எடுக்கக்கூடியது 600, இரண்டு இரவுக்குத் தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 50 ஆம்பியர்மணியே போதும். எண்பது சதவிகிதம் வரை எடுக்கலாம். விலை கூடுதல்தான், உழைப்பதும் அதிக காலம். என் ஓட்டு அதற்கே.

தகடு கடைசியில்தான். நம் பக்கத்தில் நல்ல வெயில் நாளொன்றுக்குச் சுமார் 4 மணி நேரம் என்று வைத்து, வீணாவதைக் கழித்தால் 100 வாட் வேண்டும். மழை மாதங்களை எண்ணி 150 வாட் என்று முடிவு செய்தோம். அதற்கு 20 ஆம்பியர் கன்ட்ரோலர். மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் 12 வோல்ட் தகட்டுக்குச் சரி. பெரிய கட்டடங்களில் போடும் 40 வோல்ட் தகட்டைச் சல்லிசாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் எம்.பி.பி.டி. வகை வேண்டும், இல்லாவிட்டால் பாதிக்குமேல் வீண்.

கன்ட்ரோலர், தடித்த ஒயர், ஃபியூஸ் மூன்றும் இங்கே வாங்கினான். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டி, பிறகே தகட்டை மாட்டவேண்டும். பேட்டரியையும் தகட்டையும் ஊரிலேயே வாங்கச் சொன்னேன். கெட்டுப்போனால் உத்தரவாதச் சீட்டோடு பாலம் தாண்டி யார் சுமப்பது?

மழைநீர் தூசியைக் கழுவ 10 டிகிரி சாய்வு, தகட்டின் ஒரு மூலையில்கூட நிழல் விழக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் போன் வந்தது. எல்லாம் மாட்டியாகிவிட்டதாம், மூன்று மணிக்கு மேல் ரம்புத்தான் கிளை மறைக்கிறதாம். "வெட்டவிட மாட்டேன் என்கிறார் அம்மா. நீங்களே பேசிப் பாருங்கள், மாமா."