உங்களுக்குத் தெரியுமா? பிரேக்கரைத் திறந்தாலும் ஓயாத கோளாறு

அனல் மின்நிலைய ஜெனரேட்டரின் சுருளுக்குள் இன்சுலேஷன் பழுதாகி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டால், பிரேக்கரைத் திறப்பது மட்டும் போதாது. ரோட்டரின் காந்தப்புலம் இருக்கும்வரை, சுழலும் ஜெனரேட்டரே தன் கோளாறுக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும்! அதனால்தான் கோளாறைக் கண்டறியும் பாதுகாப்பு ரிலே, பிரேக்கரோடு ரோட்டரின் காந்தப்புலத்தை உண்டாக்கும் எக்ஸைட்டேஷனையும் டர்பைனுக்குப் போகும் நீராவியையும் சேர்த்தே நிறுத்துகிறது. அப்போதும் காந்தப்புலம் தணியச் சில விநாடிகள் ஆகும். சேதத்தில் பெரும்பங்கு அந்த விநாடிகளில்தான்.

கோளாறு உள்ளேதான் என்று ரிலே எப்படி அறிகிறது? சுருளின் இரு முனைகளிலும் மின்னோட்டத்தை ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தவில்லையென்றால் கோளாறு இடையில்தான். எளிமையிலேயே அழகான இந்த முறைக்கு 1904-இல் இங்கிலாந்தில் வடிவம் தந்தவர்கள் சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ்.

மின்னோட்டம் சுருளிலிருந்து நிலத்துக்குப் பாயும் எர்த் ஃபால்ட் வேறு ரகம். அப்போது பெருமின்னோட்டம் பாய்ந்தால், சுருளைத் தாங்கும் ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளே உருகிவிடும். சுருளை மாற்றுவதைவிடத் தகடுகளை மீண்டும் அடுக்குவது பெரும்பாடு. எனவே பெரிய ஜெனரேட்டர்களில் நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மர், ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்து, அந்த மின்னோட்டத்தைச் சுமார் 5 முதல் 15 ஆம்பியருக்குள் அடக்குகிறார்கள். இவ்வளவு சிறிய மின்னோட்டம் மெர்ஸ்-பிரைஸ் முறைக்குப் புலப்படாது. அதற்குத் தனி எர்த் ஃபால்ட் ரிலே கட்டாயம் வேண்டும்.